இருளில் ஏந்திய தீவட்டி

நடுநிசியில் கள்வனைத் தேடித் தீவட்டியுடன் புறப்படும் ஊர்க்காவலனுக்கு ஒரு சங்கடம் உண்டு. அந்த வெளிச்சத்தில் பத்தடி தூரத்து ஆளை அவன் அடையாளம் காண்பதற்குள், தோப்புக்கு அப்பால் பதுங்கியிருக்கும் கள்வன் அந்த வெளிச்சத்தையே குறியாகக் கொண்டு, காவலன் வரும் திசையையும் வேகத்தையும் அறிந்துகொண்டுவிடுகிறான். போர் விமானத்தின் மூக்கில் பொருத்தப்படும் ரேடாரின் சரித்திரம் பெரும்பாலும் இந்தச் சங்கடத்தின் சரித்திரமே என்பது என் அபிப்பிராயம். இன்ன நாட்டு ரேடார் இத்தனை கிலோமீட்டர் பார்க்கும், அதன் பகை நாட்டு ரேடார் அதைவிட இத்தனை கிலோமீட்டர் கூடுதலாகப் பார்க்கும் என்று பட்டியல் போட்டு வல்லரசுகளின் பலத்தை நிறுத்துப் பார்ப்பவர்கள் இன்று அநேகர். அந்த எண்களுக்கு மதிப்பில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும், ஐரோப்பாவின் இரவு வானில் 1940இல் தொடங்கிய இப்போட்டியின் கதையை நிதானமாகப் படித்துப் பார்க்கிறவர்களுக்கு, எதிரியின் கண் எவ்வளவு தூரம் பார்க்கிறது என்பதைக் காட்டிலும், அது எந்த அலையில் பார்க்கிறது என்பதை அறிந்தவனே பலமுறை ஜயித்திருக்கிறான் என்பது விளங்கும்.

ரேடியோ அலை ஓர் உலோகப் பொருளின்மேல் பட்டால் பிரதிபலித்துத் திரும்பும் என்னும் உண்மை ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானியின் காலந்தொட்டே தெரிந்ததுதான். ஹூல்ஸ்மையர் என்ற இன்னொரு ஜெர்மானியர் 1904ஆம் வருஷத்திலேயே கொலோன் நகரத்தில், கப்பலை இம்முறையில் கண்டறியும் சாதனம் ஒன்றைச் செய்து காட்டினார், அதை வாங்குவாரில்லை. பிறகு 1935 பிப்ரவரி 26ஆம் தேதி, இங்கிலாந்தில் டாவென்ட்ரி என்னும் ஊரில் இருந்த பி.பி.சி. ஒலிபரப்பு நிலையத்தின் அலைகள் வானில் பறந்த ஹேஃபர்டு என்ற குண்டுவீச்சு விமானத்தின்மேல் பட்டுத் திரும்புவதை, வாட்ஸன் வாட் என்ற விஞ்ஞானியும் அவருடைய துணைவர் ஆர்னால்டு வில்கின்ஸும் வயல்வெளியில் நிறுத்திய ஒரு வண்டிக்குள் அமர்ந்து கண்ணால் கண்டார்கள். அதன் விளைவாக இங்கிலாந்தின் கடற்கரை நெடுக வானுயர்ந்த கோபுரங்கள் எழுந்த கதை எல்லோரும் அறிந்தது. அந்தக் கோபுரங்களின் வேலையைச் செய்யும் ஒரு பெட்டியை விமானத்துக்குள் ஏற்ற முடியுமா என்ற கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டவர், சஃபக் கடற்கரையில் பாட்ஸி என்ற மாளிகையில் பணிபுரிந்த எட்வர்டு போவன் என்ற வேல்ஸ் நாட்டு இளைஞர்.

எடையும் மின்சார வசதியும் மட்டுமே அவருக்குத் தடையாக இருந்திருந்தால் காரியம் சுலபமாகியிருக்கும். ஏரியலின் அளவு அலைநீளத்தை அனுசரித்தது. கோபுரங்கள் பயன்படுத்திய அலைகளோ பல மீட்டர் நீளமுள்ளவை. போவன் படிப்படியாக அலைநீளத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர் அலையில் இயங்கும் ஒரு சாதனத்தை ஆன்ஸன் விமானம் ஒன்றில் ஏற்றினார். கடற்படையின் ஒத்திகை நடந்துகொண்டிருந்த 1937 செப்டம்பர் 4ஆம் தேதி, மேகமும் மழையும் வானத்தை மூடி மற்ற விமானங்கள் தரையிலேயே தங்கிவிட்ட வேளையில், அந்த ஆன்ஸன் வட கடலின்மேல் பறந்து சென்று, கரேஜியஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலையும் அதன் துணைக் கப்பல்களையும் கண்டுபிடித்தது. அக்கப்பலின் தளத்திலிருந்து எழும்பிய விமானங்களின் எதிரொலிகளும் திரையில் தெரிந்தன. வீட்டு டெலிவிஷன் பெட்டிக்காகப் பை கம்பெனி தயாரித்திருந்த ரிஸீவர் பிற்பாடு இதே சாதனத்தின் இருதயமாக அமைந்தது என்பது, யுத்தத் தளவாடம் எங்கிருந்தெல்லாம் பிறக்கிறது என்பதற்கு ஒரு சாட்சி.

யுத்தம் மூண்டபின், 1940இல், ஒன்றரை மீட்டர் அலையில் இயங்கிய ரேடார் இரவுச் சண்டை விமானங்களில் ஏறியது. அதன் குறைகள் பல. அலைக்கற்றை நாலாபுறமும் சிதறிப் போகுமாதலால் பூமியிலிருந்து வரும் பெரும் எதிரொலி திரையை மூடிவிடும். ஆகவே விமானம் பறக்கும் உயரம் எவ்வளவோ அவ்வளவுதான் அதன் பார்வையின் தூரமும். பதினையாயிரம் அடி உயரத்தில் பறப்பவனுக்கு மூன்று மைலுக்கு அப்பால் எதுவும் தெரியாது. திரைகள் இரண்டு, இடமா வலமா என்பதை ஒன்று காட்டும், மேலா கீழா என்பதை மற்றது காட்டும். பின்னால் அமர்ந்து அந்தப் பச்சைக் கோடுகளைப் பார்ப்பவன் வாயால் வழி சொல்ல, முன்னால் இருப்பவன் ஒன்றும் தெரியாத இருளில் அந்தச் சொல்லை மட்டும் நம்பி விமானத்தைத் திருப்பவேண்டும். எந்திரத்தின் நுட்பத்தைவிட இரண்டு மனிதர்களின் மன ஒற்றுமையே இங்கே பெரிது என்பதற்கு, ஜான் கன்னிங்ஹாம் என்ற விமானியும் அவருடன் பறந்த ரான்ஸ்லியும் உதாரணமாக விளங்கினார்கள். அந்த வருஷம் நவம்பரில் போஃபைட்டர் விமானத்தில் சென்று ஜெர்மானிய யுங்கர்ஸ் விமானம் ஒன்றை வீழ்த்திய கன்னிங்ஹாமுக்கு இருட்டில் கண் தெரிவதற்குக் காரணம் அவர் தின்னும் காரட் கிழங்கே என்று பத்திரிகைகளில் செய்தி பரப்பப்பட்டது. இன்றுவரை தாய்மார்கள் குழந்தைகளிடம் சொல்லும் அந்த வார்த்தை, ஒரு ராணுவ ரகசியத்தை மூடுவதற்காக விரிக்கப்பட்ட திரையின் ஓர் இழை.

அலைக்கற்றையை ஒடுக்கி, தீவட்டியின் வெளிச்சத்தை டார்ச் விளக்கின் வெளிச்சமாக மாற்றவேண்டுமானால் அலைநீளம் சென்டிமீட்டர் கணக்கில் குறையவேண்டும். அவ்வளவு சிறிய அலையைப் போதிய சக்தியுடன் உண்டாக்கக்கூடிய வால்வு அப்போது உலகில் எங்கும் பயனுக்கு வந்திருக்கவில்லை. பர்மிங்ஹாம் சர்வகலாசாலையில் ராண்டல், பூட் என்ற இருவர் ஒரு செப்புக் கட்டியில் ஆறு துவாரங்களைக் குடைந்து, நடுவில் ஒரு கம்பியை நிறுத்தி, காந்தத்தின் இரு துருவங்களுக்கிடையே வைத்து, 1940 பிப்ரவரி 21ஆம் தேதி மின்சாரத்தைச் செலுத்தியபோது, ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் அலையில் சுமார் 400 வாட் சக்தி வெளிப்பட்டது. மாக்னெட்ரான் எனப்பட்ட அந்தச் செப்புக் கட்டியின் சக்தி சில மாதங்களுக்குள் பல கிலோவாட்டாக உயர்ந்தது. ருஷ்யாவிலும் இதே வகைச் சாதனத்தை அலெக்ஸீவ், மலையாரவ் என்ற இருவர் முன்னதாகவே செய்து, அதைப் பற்றிய கட்டுரையையும் வெளியிட்டிருந்தார்கள். அது அந்த நாட்டில் உடனே ஆயுதமாக மாறவில்லை. பிரிட்டனோ, தன் நாடே பறிபோகுமோ என்ற அச்சத்தில் இருந்த அந்த வருஷம் செப்டம்பரில், அதை ஒரு பெட்டியில் வைத்து டிஸார்டு தூதுக்குழுவிடம் கொடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பியது. போவனும் அந்தக் குழுவில் சென்றார். அமெரிக்காவின் மிகப் பெரிய ரேடார் ஆராய்ச்சிக்கூடம் மாஸசூஸெட்ஸில் எழுந்தது அந்தப் பெட்டி போய்ச் சேர்ந்ததன் பயனே.

இந்தச் செப்புக் கட்டியில் ஒரு பெருந்தீங்கும் இருந்தது. வெடி வைத்தாலும் அது முற்றிலும் சிதையாது. விமானம் எதிரியின் மண்ணில் விழுந்தால் ரகசியமும் அதனுடன் எதிரியின் கையில் விழும். தரையைப் படம்போல் காட்டும் எச்2எஸ் என்ற ரேடாரைக் குண்டுவீச்சு விமானங்களில் ஏற்றலாமா கூடாதா என்று லண்டனில் நடந்த நீண்ட விவாதத்துக்குக் காரணம் இதுவே. அந்தச் சாதனத்தைச் சோதித்துப் பார்க்கச் சென்ற ஹாலிஃபாக்ஸ் விமானம் 1942 ஜூன் 7ஆம் தேதி வேல்ஸ் எல்லையருகே எரிந்து விழுந்ததில் 11 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் ஆலன் புளும்லைன். இரண்டு காதுக்கும் தனித்தனியே இசையைப் பிரித்துத் தரும் ஸ்டீரியோ ஒலிப்பதிவை நமக்குத் தந்த அந்த மேதை, முப்பத்தெட்டு வயதில், பெயரும் பணியும் வெளியே சொல்லப்படாமல் மறைந்தார். அவரை நினைக்காமல் இக்கதையைக் கடந்து செல்ல எனக்கு மனம் வரவில்லை.

அஞ்சியபடியே நடந்தது. எச்2எஸ் முதன்முதலாக யுத்தத்தில் பிரயோகிக்கப்பட்டு ஒரு வாரம் ஆவதற்குள், 1943 பிப்ரவரி மாதத் தொடக்கத்தில், ஸ்டெர்லிங் விமானம் ஒன்று ராட்டர்டாம் அருகே விழுந்தது. சென்டிமீட்டர் அலைகளால் பயனில்லை என்று எண்ணி அவ்வாராய்ச்சியை ஏறக்குறையக் கைவிட்டிருந்த ஜெர்மானியர், இடிபாடுகளிலிருந்து எடுத்த பெட்டியைத் திறந்து பார்த்துத் திடுக்கிட்டார்கள். ராட்டர்டாம் சாதனம் என்றே அதற்குப் பெயரிட்டு, அதன் அலையை மோப்பம் பிடிக்கும் நாக்ஸோஸ் என்ற கருவியை முதலில் செய்தார்கள். அதே செப்புக் கட்டியைப் பார்த்துத் தாங்கள் செய்த பெர்லின் என்ற சண்டை விமான ரேடாரோ, யுத்தம் முடியும் தறுவாயில் சொற்ப அளவில்தான் வந்து சேர்ந்தது.

ஜெர்மனியின் இரவுச் சண்டை விமானங்களில் அதுவரை இருந்தது டெலிஃபுங்கன் கம்பெனியின் லிக்டென்ஸ்டைன். சுமார் 61 சென்டிமீட்டர் அலை. மூன்று நான்கு கிலோமீட்டர் பார்வை. விமானத்தின் மூக்கில் கட்டில் கம்பிகளைப்போல் நீட்டிக்கொண்டு நின்ற அதன் ஏரியலை, வேகத்தைக் குறைக்கிறதென்று விமானிகள் முதலில் வெறுத்தார்கள். லுட்விக் பெக்கர் என்ற விமானி 1941 ஆகஸ்டில் அதன் துணையால் ஒரு விமானத்தை வீழ்த்திய பிறகே வெறுப்பு தணிந்தது. இந்நிலையில் 1943 மே 9ஆம் தேதி, நார்வேயிலிருந்து கிளம்பிய ஒரு யுங்கர்ஸ் 88, தன் தரப்பைத் துறந்து ஸ்காட்லாந்தின் டைஸ் விமான நிலையத்தில் வந்து இறங்கியது. மூக்கில் லிக்டென்ஸ்டைன் கெடாமல் இருந்தது. அதன் அலைநீளத்தை அளந்தறிந்த பிரிட்டிஷார், அந்த அலை வரும் திசையிலேயே சென்று தாக்கும் ஸெர்ரேட் என்ற கருவியைத் தங்கள் போஃபைட்டர்களில் பொருத்தினார்கள். வேட்டைக்கு வந்தவனின் தீவட்டியே அவனைக் காட்டிக்கொடுத்தது. அந்த யுங்கர்ஸ் விமானம் இன்றும் பிரிட்டிஷ் விமானப்படையின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்னோர் ஆயுதமும் அப்போது தயாராகக் காத்திருந்தது. அலைநீளத்தில் பாதியளவு நீளமுள்ள உலோகத் துண்டு ஒவ்வொன்றும் அந்த அலைக்குப் பெரிய எதிரொலியைத் தரும். ஆகவே ஏறக்குறைய 27 சென்டிமீட்டர் நீளத்தில் நறுக்கிய அலுமினியக் காகிதத் துண்டுகளைக் கட்டுக்கட்டாக வானில் தூவினால் ஜெர்மானியத் திரைகள் எல்லாம் பொய் விமானங்களால் நிறைந்துபோகும். ஜோன் கரன் என்ற பெண் விஞ்ஞானி 1942இலேயே இதைச் சோதித்துத் தெளிவாக்கியிருந்தார். ஜெர்மானியரும் இதே உண்மையைத் தாமாகவே கண்டுபிடித்து, எதிரி அறிந்துவிடுவானே என்ற பயத்தால் அந்த ஆராய்ச்சிக் காகிதங்களையே பூட்டி வைத்தார்கள். ஒருவன் தூவினால் மறுநாள் மற்றவனும் தூவுவான் என்று இரு தரப்பும் அஞ்சி ஒரு வருஷத்துக்கு மேலாகச் சும்மா இருந்தது, யுத்தங்களின் சரித்திரத்தில் அபூர்வமான காட்சி. இறுதியில், 1943 ஜூலை 24ஆம் தேதி இரவு ஹாம்பர்கின்மேல் பிரிட்டிஷார் அதைத் தூவினார்கள். சென்ற 791 விமானங்களில் திரும்பாதவை 12 மட்டுமே. அடுத்தடுத்த இரவுகளில் அந்த நகரம் பட்ட பாட்டையும், தீயில் வெந்து மாண்ட பல்லாயிரம் ஜனங்களையும் நினைக்கும்போது, அந்தக் காகிதத் துண்டுகளின் சாமர்த்தியத்தை வியக்க வாய் எழவில்லை.

ஜெர்மானியர் சோர்ந்துவிடவில்லை. அலைநீளத்தை மூன்று மீட்டருக்கு மேல் உயர்த்தி, எஸ்.என்.2 என்ற புதிய ரேடாரைச் செய்தார்கள். சிறிய காகிதத் துண்டுகள் அதை ஏமாற்றவில்லை. மான்கொம்பு என்று அவர்கள் அழைத்த பெரிய ஏரியல்கள் விமானங்களின் மூக்கில் முளைத்தன. போதாக்குறைக்கு, பிரிட்டிஷ் விமானங்களின் வாலில் பின்னால் வரும் எதிரியைப் பற்றி எச்சரிப்பதற்காக வைத்திருந்த மானிகா என்ற சிறு ரேடாரின் அலையை மோப்பம் பிடிக்கும் ஃபிளென்ஸ்பர்க் என்ற கருவியும் சேர்ந்துகொண்டது. தன்னைக் காப்பதற்காகத் தான் ஏற்றிய விளக்கே தன் கழுத்துக்குக் கத்தியாகிறது என்பதை அறியாமல் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் அதை ஏற்றிக்கொண்டு பறந்தார்கள். நூரம்பர்க்கைத் தாக்கச் சென்ற 1944 மார்ச் 30ஆம் தேதி இரவில் மட்டும், சென்ற 795 விமானங்களில் 95 வீழ்ந்தன. அன்று நிலவு எரித்தது என்பதும், விமானங்களின் பின்னே வெண்புகைத் தடம் விழுந்தது என்பதும் உண்மையே. பழி முழுவதையும் ரேடாரின்மேல் சுமத்துவது நியாயமாகாது. ஆயினும் ஜெர்மானியரின் புதிய கண்ணைப் பற்றிப் பிரிட்டிஷார் அறியாதிருந்த மாதங்கள் அவை.

அந்த அறியாமை நீங்கிய விதம் கதைபோல் இருக்கிறது. 1944 ஜூலை 13ஆம் தேதி விடியற்காலையில், அனுபவமில்லாத ஒரு ஜெர்மானியக் குழு, திசை தவறித் தன் நாட்டு நிலையம் என்று எண்ணி இங்கிலாந்தின் உட்பிரிட்ஜ் விமான தளத்தில் யுங்கர்ஸ் 88 ஒன்றை இறக்கியது. எஸ்.என்.2, ஃபிளென்ஸ்பர்க் இரண்டும் அதில் இருந்தன. போவன் தம் முதல் சாதனங்களைச் செய்த பாட்ஸி மாளிகைக்கு அதிக தூரமில்லாத இடம் அது. நிபுணர்கள் சோதித்துப் பார்த்த சில நாட்களில் குண்டுவீச்சு விமானங்களிலிருந்து மானிகா கழற்றப்பட்டது; புதிய அலைக்கு ஏற்ற நீண்ட காகிதக் கீற்றுகள் தயாராயின. பல மாத ஆராய்ச்சி தராத விடையை ஒரு திசைகாட்டிப் பிழை தந்துவிட்டது.

கீழ்த்திசையில் ருஷ்யர்கள், முற்றுகைக்கும் இடப்பெயர்ச்சிக்கும் நடுவே, விக்டர் திகமீரவ் என்ற இளம் பொறியாளரின் தலைமையில் க்னைஸ்-2 என்ற ஒன்றரை மீட்டர் ரேடாரை 1942இல் செய்து, பெ-2 விமானங்களில் பொருத்தி ஸ்டாலின்கிராடு வானில் பயன்படுத்தினார்கள். திகமீரவின் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

யுத்தம் முடிந்து, நேற்றைய நேசர்களான அமெரிக்காவும் சோவியத் நாடும் பகைவரானபின் போட்டி வேறு உருவெடுத்தது. சோவியத் நாட்டின் மிக்-25 ஒலியைப்போல் இரண்டரை மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் பறப்பதைக் கேள்வியுற்ற மேல்நாட்டார், அதன் ரேடாரைப் பற்றியும் பலவாறு கற்பனை செய்துகொண்டிருந்தார்கள். 1976 செப்டம்பர் 6ஆம் தேதி விக்டர் பெலென்கோ என்ற விமானி அதில் ஏறி ஜப்பானின் ஹகோடேட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது கற்பனை கலைந்தது. ஸ்மெர்ச் என்ற அதன் ரேடார் 600 கிலோவாட் உச்ச சக்தியைக் கொட்டியது. எதிரி எழுப்பும் அலை இரைச்சலைப் பலத்தாலேயே ஊடுருவிப் பார்க்கும் யோசனை அது. உள்ளே இருந்தவையோ வால்வுகள். டிரான்சிஸ்டர் யுகத்தில் இதைப் பழைமை என்று இகழ்ந்தவர் பலர். அந்த இகழ்ச்சி அவசரப்பட்டது என்றே நான் கருதுகிறேன். மிக உயரத்தில் பறந்து வரும் விமானத்தை மறிப்பதற்காகச் செய்யப்பட்ட கருவி அந்த ஒரு வேலையைச் செவ்வனே செய்யக்கூடியது. தாழப் பறப்பவனைக் காண அதனால் முடியாது என்பதுதான் உண்மையான குறை.

ஏனெனில், மேலிருந்து கீழே நோக்கும் ரேடாருக்கு மலையும் வயலும் வீடும் எல்லாம் எதிரொலியாகத் திரும்பும். அவற்றின் நடுவே ஒரு விமானத்தின் சிறு எதிரொலி, சந்தையில் ஒருவன் முணுமுணுப்பதைப்போல் அமுங்கிப்போகும். நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் கூர்மையாகவும் விலகிப்போகும்போது தணிந்தும் கேட்கிறதல்லவா? அதே டாப்ளர் விதியைக் கொண்டு, அசைகிற பொருளின் எதிரொலியை மட்டும் பிரித்தெடுக்கும் முறையை அமெரிக்கர் 1960களிலும் 70களிலும் தேர்ச்சிக்குக் கொண்டுவந்தார்கள். எஃப்-14இன் ரேடார் ஒரே சமயத்தில் 24 இலக்குகளைத் தொடர்ந்து, அவற்றில் ஆறின்மேல் ஏவுகணைகளைச் செலுத்த வல்லது; 1973 நவம்பரில் நடந்த சோதனையில் 38 வினாடிக்குள் ஆறு ஏவுகணைகள் ஒரே விமானத்திலிருந்து புறப்பட்டன. கணக்கிடும் எந்திரத்தில் அமெரிக்காவுக்கு இருந்த முன்னேற்றமே இங்கே பலம். பெலென்கோவால் ரகசியம் வெளியானபின் சோவியத் நாடும் மிக்-25க்குக் கீழ்நோக்கிப் பார்க்கும் புதிய ரேடாரைத் தந்தது.

பிறகு 1981இல் பணிக்கு வந்த மிக்-31இல் சோவியத் பொறியாளர்கள் மேல்நாட்டாரை முந்தினார்கள். ஸாஸ்லான் என்ற அதன் ரேடாரில் ஏரியல் அசைவதே இல்லை, 1.1 மீட்டர் விட்டமுள்ள தட்டு அப்படியே நிற்க, அலைக்கற்றை மட்டும் மின்னணு முறையில் இமைப்பொழுதில் திசை திரும்பும். போர் விமானம் ஒன்றில் இம்முறை அமைந்தது உலகிலேயே அதுதான் முதல். அதைச் செய்த கூடம், மாஸ்கோ அருகே ஷுக்கோவ்ஸ்கியில் உள்ளது. அதற்கு இன்று வழங்கும் பெயர் திகமீரவின் பெயர். பத்து வருஷம் மறைத்து வைத்திருந்த அந்த ரேடாரை 1991இல் பாரிஸ் விமானக் காட்சியில் மூக்கு மூடியைக் கழற்றிக் காட்டினார்கள். ஆனால் அதைக் குறித்து அமெரிக்க அரசு அதற்கு முன்பே நிறைய அறிந்திருந்தது. மாஸ்கோவில் ஃபஸட்ரான் என்ற ரேடார் நிறுவனத்தில் பணிபுரிந்த அடால்ஃப் டல்கச்சோவ், தன் மனைவியின் பெற்றோர் ஸ்டாலின் காலத்தில் பட்ட கொடுமையை மறக்காதவர், 1979 முதல் ஆயிரக்கணக்கான ரகசியப் பக்கங்களைப் படமெடுத்து அமெரிக்க உளவு ஸ்தாபனத்திடம் கொடுத்தார். 1985இல் பிடிபட்டு, மறுவருஷம் மரண தண்டனைக்கு ஆளானார். டைஸிலும் உட்பிரிட்ஜிலும் விமானங்கள் செய்த வேலையை இங்கே ஒரு மனிதர் செய்தார்.

இப்போது நடப்பது ஏரியலின் ஒவ்வொரு சிறு உறுப்பும் தனித்தனியே அலையை அனுப்பும் காலம். இதை விமானப்படைச் சேவைக்குக் கொண்டுவருவதில் முந்திக்கொண்ட விமானங்களுள் ஜப்பானின் எஃப்-2வும் ஒன்று. அமெரிக்காவின் எஃப்-22, பிரான்ஸின் ரஃபேல், ருஷ்யாவின் சுகோய்-57 எல்லாம் இம்முறையைக் கொண்டவை. இவற்றின் பெருமையைப் பேசுவோர் பார்வையின் தூரத்தையே பேசுகிறார்கள். வல்லுநர்கள் மிகுதியும் மதிப்பது வேறொரு குணத்தை. அலையின் அதிர்வெண்ணைக் கணத்துக்குக் கணம் மாற்றி, சக்தியைச் சிதறடித்து, எதிரியின் காதில் வெறும் இரைச்சலாக விழும்படி செய்வது அது. மானிகாவை ஏற்றிச் சென்று மாண்ட இளைஞர்களின் காலத்துக்குப்பின் ஐம்பது வருஷத்துக்கு மேல் கழித்து, தீவட்டியின் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டே தேடும் வித்தை இப்போதுதான் ஒருவாறு கைகூடியிருக்கிறது.

இக்கதையின் ஒரு கிளை நம் மண்ணையும் தொடுகிறது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை அமைத்த தஞ்சாவூர் விமான தளத்தில், 2020 ஜனவரி 20ஆம் தேதி முதல் இந்திய விமானப்படையின் 222ஆவது அணி சுகோய்-30 எம்.கே.ஐ. விமானங்களுடன் இயங்கிவருகிறது. அவற்றின் மூக்கில் இருக்கும் பார்ஸ் ரேடார் திகமீரவ் ஆராய்ச்சிக்கூடத்தில் உருவானது. அந்த ரேடாருக்கான கணினியை நம் நாட்டுப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்துக் கொடுத்தது. அந்தத் திட்டத்துக்கு அவர்கள் சூட்டிய பெயர் வெற்றிவேல்.